நூற்றுப் பதினாலாம் பக்கத்து மெக்கானிக்

நலம், நலமறிய ஆவல் என்று இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். போன வாரம் வீடியோவில் பார்த்தேன், கன்னம்கூட உப்பியிருந்தது. நான் நலமாக இல்லை. அச்சுக்கு முன்னால் நீ அனுப்பிய புத்தகப் பிரதியை மூன்று நாள் லீவு போட்டு உட்கார்ந்து படித்ததுதான் காரணம். இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டாவது நிமிடமே நீ ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாய், எனக்கு வாய் அடைத்துப்போகும், ஜெயித்த திருப்தியோடு நீ வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். தோஹாவில் வெள்ளிக்கிழமை தோறும் உன்னைப் பிடித்து உட்காரவைத்து, நீ அழ அழ, அம்மா சொல்லிக்கொடுத்த தமிழ் இதற்காவது பயன்படட்டும். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி, எனக்கு அவசரமில்லை. பாதியில் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, அப்பா என்ன எழுதியிருக்கார் என்று மட்டும் கேட்காதே. கடைசி வரைக்கும் நீயே படிக்க வேண்டும்.

நம் குடும்பத்தில் இதுவரை யாரும் புத்தகம் எழுதியதில்லை. நீ எழுதியிருக்கிறாய். இரண்டாம் உலகப் போரில், இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்து வயல்களை நிரவிப் போட்ட ஓடுதளத்திலிருந்து பறந்த ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சுப் படைப்பிரிவின் வரலாறு. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு அந்தப் பாழடைந்த விமான தளத்தின் தகரக் கொட்டகை மியூசியத்தில் பழைய காகிதங்களோடு வேலை என்று ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறாய். இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அந்த ஓடுதளத்திலேயே பந்தல் போட்டு வெளியீட்டு விழா, முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி. உன் அம்மா இங்கே தோஹா நஜ்மாவில் நம் பில்டிங்கில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்துவிட்டாள். விழாவுக்கென்று ஊரிலிருந்து பட்டுப்புடவை தருவித்திருக்கிறாள். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். அந்தக் கையைச் சட்டைப் பையில் மறைத்து வைத்துக்கொள்ளலாமா என்றிருக்கிறது.

அட்டையைப் பார்த்த உடனேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூக்கில் ஒரு பெண்ணின் படம் வரைந்த நான்கு எஞ்சின் விமானம். அதன் முன்னால் பத்துப் பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். தோல் ஜாக்கெட், சாய்த்து வைத்த தொப்பி, கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழர்கள் தோரணை. அதே படம் நாற்பதாம் பக்கத்தில் முழுசாக இருக்கிறது. அங்கே அந்தப் பத்துப் பேரின் காலடியில் இன்னும் ஐந்து பேர் குந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிக்கவில்லை. கையில் கிரீஸ், கண்ணில் தூக்கம். அவர்கள்தான் அந்த விமானத்தின் மெக்கானிக்குகள். அட்டைக்கு வரும்போது அந்தப் பத்துப் பேரின் இடுப்புக்குக் கீழே இருந்ததோடு சேர்த்து இவர்களையும் வெட்டிவிட்டாய். டிசைனர் வெட்டினான் என்பாய். டிசைனருக்கு அவர்கள் யார் என்று தெரியாது. உனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படிக் குந்தி உட்கார்ந்தவன் ஒருவன்தான் உனக்குச் சோறு போட்டான்.

குண்டு விழுந்த ஊர்களுக்கு நீ கொடுத்த இடம் ஒன்றரைப் பக்கம். ஓர் ஊரில் குறி தவறிக் குடியிருப்பின் மேல் விழுந்ததை 'வருந்தத்தக்கது' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, அடுத்த பத்தியில் ஒரு பைலட் வளர்த்த நாய்க்குட்டிக்குப் போய்விட்டாய். நாய்க்குட்டிக்கு இரண்டு பக்கம். எஞ்சின் சத்தத்திலும் வீரத்திலும் மயங்கி எழுதிய எழுத்து இது, படிக்கும்போதே தெரிகிறது. உறைபனியில் வெறுங்கையால் ஸ்பேனர் பிடித்த மெக்கானிக்கின் உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்த இடத்தை நன்றாக எழுதியிருக்கிறாய், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கெல்லாம் நான் லீவு போட்டுக் கடிதம் எழுத மாட்டேன். நான் எழுதுவது நூற்றுப் பதினாலாம் பக்கத்துக்காக.

அந்தப் பக்கத்தில் ஒரு விமானம் விழுகிறது. காலையில் குண்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. கூடப் பறந்த விமானத்தில் இருந்தவர்கள், அதன் இடது இறக்கையிலிருந்து பெட்ரோல் வெள்ளைப் புகைபோலப் பின்னால் பறப்பதைப் பார்க்கிறார்கள். கடற்கரையைத் தாண்டுவதற்குள் இறக்கையில் தீ பிடித்து ஒரு பீட்ரூட் வயலில் விழுகிறது. பத்துப் பேரும் போய்விட்டார்கள். இறக்கையின் பெட்ரோல் மூடி சரியாக மூடப்படவில்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. பெட்ரோல் நிரப்பியதற்கு நேராக அந்த விமானத்தின் தலைமை மெக்கானிக்கின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து உள்ள படிவத்தைப் படமாகவே போட்டிருக்கிறாய். கீழே உன் வாக்கியம். நீ ஆங்கிலத்தில் எழுதியதை என் தமிழில் சொல்கிறேன்: 'ஒரு மெக்கானிக்கின் ஒரு நிமிட அலட்சியம் பத்து இளைஞர்களின் உயிரைக் குடித்தது.' அவருடைய முழுப்பெயரையும் போட்டிருக்கிறாய். நான் இங்கே அந்தப் பெயரை எழுத மாட்டேன். அவரைப் பற்றி இன்னொரு காகிதம் வேண்டாம்.

அந்தப் படிவத்தைப் பெரிதாக்கி நானும் பார்த்தேன். முப்பது வருஷமாகத் தினமும் அந்த மாதிரிக் காகிதங்களோடுதான் குடும்பம் நடத்துகிறேன். பெட்ரோல், ஆயில், பிரேக், டயர், எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து. ஒவ்வொரு வேலையையும் முடித்துவிட்டு இறங்கி வந்து போட்டவன் கையெழுத்து அப்படி இருக்காது. ஒன்றில் கிரீஸ் பட்டிருக்கும், ஒன்று கோணியிருக்கும். சரி, இது என் அனுமானம், தள்ளிவிடு. உன் ஐந்தாம் அத்தியாயத்தை எடு. மூடுபனி விலகாத நாட்களில் விமானங்கள் எஞ்சினை ஓடவிட்டபடி காத்துக்கிடக்கும், அதில் தீர்ந்த பெட்ரோலை ஈடுகட்டக் கிளம்புவதற்குச் சற்று முன் டாங்கர் லாரிக்காரர்கள் வந்து மறுபடி நிரப்பிவிட்டுப் போவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த விமானம் மூடுபனியால் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது என்பதையும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நீயேதான் எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்த மூடியைக் கடைசியாகத் தொட்ட கை யாருடையது? லாரியில் வந்தவனா, மெக்கானிக்கின் உதவியாளா, அவரேயா? இரண்டு பக்கம் முன்னால் எழுதியதை மறந்துவிட்டு ஒரு மனிதனைக் கொலைகாரன் ஆக்கியிருக்கிறாய். கதைக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டிருக்கிறது, அவர் பெயர் கைக்கு அருகில் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவருக்கு எண்பதை நெருங்கும் ஒரு மகள் இருக்கிறார். உன்னை நம்பி அப்பாவின் படங்களையும் கடிதங்களையும் ஒரு பெட்டி நிறைய அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருக்கிறார். போருக்குப் பிறகு அப்பா விமானத்தில் ஏறவே இல்லை, போரைப் பற்றிப் பேசவும் இல்லை, காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி இறங்கி மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவார் என்று உன்னிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறார். அதை எடுத்து, குற்றவுணர்வு அவரைச் சாகும்வரை விடவில்லை என்று சாட்சியாக்கிவிட்டாய். அந்த அம்மாள் விழாவுக்கு வருகிறார் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். முதல் பிரதியை அவர் கையில் கொடுக்கப் போகிறாயாம். வயதான மனுஷி, தன் அப்பா பெயர் எங்கே வருகிறது என்று தேடித்தான் முதலில் புரட்டுவார். நூற்றுப் பதினாலில் போய் நிற்பார். நீ பக்கத்தில் நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டிருப்பாய்.

மூடியைத் தொட்டுப் பார்ப்பவன் எல்லாம் குற்றவாளி இல்லையடா. பத்துப் பேரைத் தினமும் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை வானத்தைப் பார்த்து நின்றவன், அவர்கள் வராமல் போன பிறகு ஆயுசு முழுக்க எதையாவது தொட்டுப் பார்க்கத்தான் செய்வான். அல்லது உண்மையிலேயே அவர் மூடாமல் விட்டிருக்கலாம். இல்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. உனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். நம் வீட்டு கேஸ் சிலிண்டரை நான் மூன்று தடவை திருகிப் பார்ப்பதைச் சொல்லி நீயும் அம்மாவும் எவ்வளவு சிரித்திருக்கிறீர்கள். என் விஷயத்தில் உன் சாட்சியம் சரி. நான் குற்றவாளிதான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உனக்கு செல்வராசு மாமாவை ஞாபகம் இருக்கிறதா? அறந்தாங்கிப் பக்கம். என்னோடு ஒரு சரக்கு விமானக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். குடும்பம் ஊரில், அவர் கம்பெனி கேம்பில். வெள்ளிக்கிழமை மதியம் நம் வீட்டில்தான் சாப்பாடு. படியேறும்போதே, "கேப்டன் எங்கண்ணே?" என்று கேட்டுக்கொண்டு வருவார். கேப்டன் என்றால் நீ. உன்னைக் காலில் படுக்கவைத்துத் தூக்கி, கத்தார் முழுக்கப் பறக்கவிட்டு, சோபாவில் இறக்குவார். உனக்கு ஏழு வயது வரைக்கும் அவர் வந்தார். பிறகு வரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் கார்டு. வேலையைச் செய்தவன் முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சரிபார்த்தவன் அடுத்த கட்டத்தில் தன் ஸ்டாம்பைக் குத்த வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்தக் கம்பெனியில் ஆள் எப்போதும் பற்றாக்குறை, சட்டத்தைப் பார்த்தால் விமானம் கிளம்பாது. அதனால் நாங்களாக ஒரு வழி வைத்திருந்தோம். காலை டூட்டி தொடங்கும்போது டீ வரும், கூடவே அன்றைய கார்டுக் கட்டும் வரும். மெக்கானிக்குகள் டீ குடித்துக்கொண்டே எல்லாக் கார்டிலும் முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம் யாருக்கு எந்த வேலை வாய்க்கிறதோ அவரவர் செய்துகொள்வோம். ஸ்டாம்ப் வைத்திருந்த நான், பல வேலைகளை நானே செய்து, நானே சரிபார்த்ததாகக் குத்துவேன். காகிதத்தில் மட்டும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லை. அது நடந்த அன்றைக்கும் செல்வராசு, "நீங்க டீயக் குடிங்கண்ணே, நா போட்டுர்றேன்" என்று கார்டுக் கட்டை வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் மாதம். தளத்தின் தரையில் செருப்பு ஒட்டுகிற வெயில். மதியம் நான் ஒரு எஞ்சினுக்கு ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மாவின் ஃபோன் வந்தது. ஸ்கூல் வேன் வந்துவிட்டது, நீ அதில் இல்லை. டிரைவருக்குத் தெரியவில்லை, ஸ்கூலில் ஃபோன் எடுக்கவில்லை. கடைசி சீட்டில் தூங்கிப்போன குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வண்டியை வெயிலில் நிறுத்துகிற செய்திகளை நாங்கள் வருஷா வருஷம் படிக்கிற ஆட்கள். எனக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை. ஆயில் மூடியை மேலே வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதன் கொக்கியை அழுத்தவில்லை. எஞ்சினின் சின்னக் கதவைச் சாத்தினேன், கார்டில் ஸ்டாம்பைக் குத்தினேன், ஓடினேன். செல்வராசு அந்த நேரம் அடுத்த விமானத்தின் அடியில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். அந்த எஞ்சின் பக்கமே அவர் வரவில்லை.

நீ கிடைத்துவிட்டாய். கூடப் படிக்கிற பையன் வீட்டில் புதிதாக ஒரு பொம்மை விமானம் வாங்கியிருக்கிறார்கள் என்று, சொல்லாமல் கொள்ளாமல் அவனோடு அவன் ஸ்டாப்பில் இறங்கிவிட்டாய். உன்னைப் பார்த்ததும் முதலில் அறைந்தேன், பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். இதை உன் தலையில் பழி போடச் சொல்லவில்லை, ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும். ஒரு நிமிட அலட்சியம் என்று சுலபமாக எழுதிவிட்டாயே, அந்த ஒரு நிமிடத்துக்குள் என்ன இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். என்னுடைய நிமிடத்தில் நீ இருந்தாய். அந்த மெக்கானிக்கின் நிமிடத்தில் யார் இருந்தார்கள் என்று நீ கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கிளம்பிய விமானம் அரை மணியில் ஆயில் இழந்து, ஓர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தட்டுத் தடுமாறித் திரும்பி வந்து இறங்கியது. உள்ளே மூன்று பேர். மூவரும் நடந்து இறங்கினார்கள். உன் புத்தகத்து விமானம் திரும்பி வரவில்லை, என்னுடையது வந்தது. அந்த மெக்கானிக்குக்கும் எனக்கும் வித்தியாசம் அது ஒன்றுதான், அதுவும் அவர்தான் மூடியை விட்டார் என்று வைத்துக்கொண்டால்.

மறுநாள் விசாரணை. விமானம் நிறுத்தும் ஹாங்கர் ஓரத்து கேபினில் மேனேஜர், நான், செல்வராசு. கார்டு மேஜைமேல். வேலை செய்தது யார் என்று என்னைத்தான் முதலில் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? செல்வராசு என்று சொல்லவில்லை. அந்த அளவுக்குக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. "கார்டுல கையெழுத்து இருக்கு சார், பாருங்க" என்றேன். ஒரு பொய்யும் இல்லை பார், எவ்வளவு சுத்தமான வாக்கியம். மேனேஜர் கார்டைத் திருப்பி, இது உன் கையெழுத்துதானே என்று அவரிடம் இந்தியில் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். ஆமாம் என்றார் அவர். வேலை பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னாலும் அவருக்கு வேலை போயிருக்கும். ஆனால் நான் செய்த வேலை அது என்று நான் சொல்லியிருந்தால், போவது இரண்டு பேர் வேலையாக இருந்திருக்கும். அவருக்கு மட்டும் என்று ஆகியிருக்காது. மேனேஜர் கார்டை ஃபைலில் வைத்து மூடிவிட்டு, கலாஸ், முடிந்தது என்றார்.

வெளியே வந்து தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றோம். நான் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரு கிளாஸ் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு, "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேண்ணே" என்றார். கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தார். அந்த வாரமே விசாவைக் கேன்சல் செய்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு, சரியாகப் பார்க்காமல் ஸ்டாம்ப் குத்தியதற்காக ஒரு மெமோ. ஏர்போர்ட்டுக்குக்கூட நான் போகவில்லை, டூட்டி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கிளம்பிய அன்று சாயங்காலம் கடைக்குப் போய் உனக்கு ஒரு பொம்மை விமானம் வாங்கி வந்தேன். ஒட்டிச் சேர்க்கிற வகை. நான்கு எஞ்சின், மூக்கில் ஒரு பெண்ணின் படம். ஏன் அதை எடுத்தேன் என்று தெரியாது, கடையில் இருந்ததிலேயே பெரிய பெட்டி அதுதான். உன் முன்னுரையில், எல்லாம் அப்பா வாங்கிக்கொடுத்த அந்த முதல் விமானத்தில் தொடங்கியது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு உன் அம்மா அழுதாள். நான் பால்கனியில் போய் நின்றுகொண்டேன்.

தரையில் உட்கார்ந்து நானும் நீயும் அதை ஒட்டிக்கொண்டிருக்கும்போது, "அப்பா, மாமா எப்ப வருவாங்க?" என்று கேட்டாய். நான் பசையைத் தடவிக்கொண்டே, "மாமா ஒரு தப்புப் பண்ணிட்டாங்கடா, அதான் அனுப்பிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க" என்றேன். பிளேன் விழுந்துடுச்சா என்று கேட்டாய். விழவில்லை என்றேன். அதோடு அவரை மறந்துபோனாய். இப்போது உன் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி படிக்கிறேன். மெக்கானிக் ஒருவன் தப்புச் செய்தான், அவனைத் தூக்கிப் போட்டார்கள், கதை முடிந்தது. ஏழு வயதில் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரியைத்தான் நீ நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என்னைத்தான் சேரும். மீதிப் பாதி உன்னுடையது. நீ இப்போது ஏழு வயசுப் பிள்ளை இல்லை.

உன் அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். இத்தனை வருஷமும் அவளிடமும் அதே கதைதான். எனக்கு மெமோ வாங்கிக்கொடுத்தவன் என்று செல்வராசுவை அவள் எத்தனை தடவை கரித்துக்கொட்டியிருப்பாள், நான் ஒரு நாளும் தடுக்கவில்லை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். பிறகு, "என் கையால சோறு தின்ன மனுஷன வாய் வலிக்கத் திட்டினேன். கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?" என்றாள். மேஜைமேல் எல்லோருக்கும் காட்டப் பிரித்து வைத்திருந்த பட்டுப்புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். இன்று காலையிலிருந்து எனக்கு டீ நானே போட்டுக்கொள்கிறேன்.

அப்பா புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். காகிதத்தில் இருப்பதை நம்பாதே என்று சொல்லவில்லை. அதை எழுதியவன் எந்த அவசரத்தில், யாருக்குப் பயந்து, யாருக்காக எழுதினான் என்று கேட்காமல் நம்பாதே. செத்துப்போனவன் பதில் சொல்ல மாட்டான் என்கிற தைரியத்தில் அவன்மேல் ஒரு வாக்கியத்தை ஏற்றாதே. இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை எடு. அந்த மூடியில் கடைசியாகப் பட்ட கை யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுது. அப்படி எழுதினால் உன் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. டாங்கர் லாரி விஷயத்தை அங்கேயும் சேர். அட்டைக்கு முழுப் படத்தையும் போடு, குந்தி உட்கார்ந்த ஐந்து பேரோடு. பதிப்பகத்தில் நேரம் இல்லை என்பார்கள், செலவு என்பார்கள். சண்டை போடு. என்னிடம் போட வருகிற சண்டையை அங்கே போய்ப் போடு. எடுக்க முடியாது என்றால், முன்னுரையில் இருக்கிற என்னையும் அந்த விமானத்தையும் எடுத்துவிடு. அந்த வாக்கியமும் நானும் ஒரே புத்தகத்தில் இருக்கக் கூடாது.

விழாவுக்கு நான் வரவில்லை. எனக்குப் போட்ட டிக்கெட்டை மாற்றிவிட்டேன். அம்மா வருவதும் வராததும் அவள் இஷ்டம், நீயே அவளிடம் பேசிக்கொள். முன்வரிசையில் எனக்கு வைத்த நாற்காலியில் அந்த மெக்கானிக்கின் மகளை உட்காரவை. புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், முதலில் அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாய், எதற்காக மாற்றினாய் என்று உன் வாயாலேயே சொல்லு. திட்டினால் வாங்கிக்கொள்.

நஜ்மா மெஸ்ஸில் சாப்பிட வருகிற அறந்தாங்கிக்காரர் ஒருவரைப் பிடித்து விசாரித்தேன். செல்வராசு இருக்கிறார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பம்ப் செட் மோட்டார் ரிப்பேர் செய்கிறாராம். லீவில் நாம் போய் இறங்குகிற திருச்சியிலிருந்து மூன்று மணி நேரம்கூட இருக்காது. ஒவ்வொரு லீவிலும் அந்த ரோட்டில் எத்தனை கோயிலுக்குக் காரில் போயிருக்கிறோம், ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நம்பர் கிடைத்திருக்கிறது, ஆனால் ஃபோனில் பேசப் போவதில்லை. ஃபோனில் என்றால் மறுபடியும் ஒரு சுத்தமான வாக்கியம் கண்டுபிடித்துவிடுவேன். எதிரே போய் நிற்கப் போகிறேன். கடைக்குள் விடாமல் துரத்தலாம், பேசாமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். எப்படியானாலும் அவர் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வருவேன். பயமாகத்தான் இருக்கிறது.

பசையைத் தடவிக்கொண்டு உனக்குச் சொன்னதை இப்போது திருத்திவிடுகிறேன். மாமா தப்புப் பண்ணவில்லை. மூடியை விட்டுவிட்டு ஓடியது அப்பா. மாமா எப்போது வருவார் என்று கேட்டாய். அவர் வர மாட்டார், நான்தான் போகிறேன்.

அப்பா